சிறுவர் முறையீடும் சஹ்னூன் இமாமின் விடையும்

மாலையில் பள்ளிவிட்டு வந்த சிறுவன் புத்தகப் பையை ஒரு மூலையில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருக்கிறான். சட்டைப் பொத்தான் அறுந்திருக்கிறது. காலையில் கொண்டுசென்ற பேனாவைக் காணோம். என்ன நடந்தது என்று தாய் கேட்டால், கீழே விழுந்துவிட்டேன் என்கிறான். மறுநாள் வயிற்றுவலி என்கிறான். அதற்கடுத்த நாள் தலைவலி என்கிறான். பல நாள் கழித்து உண்மை வெளிப்படும்போது, வீட்டிலுள்ள பெரியவர்கள் இரண்டில் ஒரு விடையைச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். "பிள்ளைகள் சண்டையில் பெரியவர்கள் தலையிடலாமா? இன்று அடித்துக்கொள்வார்கள், நாளை கூடிக்கொள்வார்கள்" என்பது ஒன்று. "நீயும் ஆண்பிள்ளைதானே, திருப்பிக் கொடுத்துவிட்டு வா" என்பது மற்றொன்று.

இவ்விரு விடைகளும் ஒன்றுக்கொன்று மாறுபட்டவை போலத் தோன்றினும், இரண்டும் ஒரே செயலைத்தான் செய்கின்றன. பிள்ளையைத் தனியே விட்டுவிடுகின்றன.

ஏறத்தாழச் சம வலிமையுடைய இருவர் மோதிக்கொண்டால் அது சண்டை. வலுத்தவன் ஒருவனோ, பலர் ஒன்றுசேர்ந்தோ, எதிர்த்து நிற்க இயலாத ஒருவனை நாள்தோறும் அடிப்பதும், பட்டப்பெயர் சூட்டி நகைப்பதும், அவன் பொருளைப் பறிப்பதும், கூட்டத்திலிருந்து ஒதுக்கி வைப்பதும் சண்டையன்று; கொடுமை. இந்த வேறுபாட்டை உணராமையே நம்முடைய முதற் பிழை. இது இக்காலத்துப் பள்ளிகளில் புதிதாக முளைத்த தீங்கு என்று கருதுவது இரண்டாவது பிழை. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஒரு நூலில் இதே முறையீடு கேட்கிறது. அதற்கு ஓர் இமாம் அளித்த விடையும் இருக்கிறது. அவ்விடையை நம் குடும்பங்கள் அறிந்துகொள்ள வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கைரவானின் தந்தையும் மகனும்

இன்றைய தூனிஸியா நாட்டிலுள்ள கைரவான் நகரம் கி.பி. 670இல் உக்பா இப்னு நாஃபிஉ (ரஹ்) அவர்களால் நிறுவப்பெற்றது. படைவீரர் தங்கும் பாசறையாகத் தொடங்கிய அவ்வூர், இரண்டு நூற்றாண்டுகளுக்குள் மேற்றிசை இஸ்லாமிய உலகின் பெருங் கல்விக்கூடமாக வளர்ந்தது. அந்நகரின் ஒளிவிளக்காகத் திகழ்ந்தவர் இமாம் சஹ்னூன் (ரஹ்). ஹிஜ்ரி 160இல் பிறந்து 240இல், அதாவது கி.பி. 854இல், மறைந்தவர். மாலிக்கி மத்ஹபின் அடிப்படை நூல்களுள் ஒன்றாகிய 'அல் முதவ்வனா'வைத் தொகுத்த பெருந்தகை. ஹிஜ்ரி 234இல் கைரவானின் காழியாகப் பொறுப்பேற்று இறுதிவரை அப்பதவியில் இருந்தவர். வழக்காடுவோரின் சாட்சியங்களை நிறுத்துப் பார்க்கும் பணி அவருடைய அன்றாடப் பணியாயிருந்தது என்பதை வாசகர்கள் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டும்.

அவருடைய மகன் முஹம்மத் இப்னு சஹ்னூன் (ரஹ்). மகனைக் குத்தாபில், அதாவது குர்ஆன் ஓதக் கற்பிக்கும் சிறுவர் பள்ளியில், சேர்த்தபோது ஆசிரியரிடம் சஹ்னூன் இமாம் ஒரு வேண்டுகோள் விடுத்ததாக வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். பாராட்டினாலும் இனிய சொல்லாலும் மட்டுமே இவனைத் திருத்துங்கள், அடித்தும் கடிந்தும் திருத்தப்பட வேண்டிய பிள்ளையல்லன் இவன் என்பது அவ்வேண்டுகோளின் கருத்து. நம் நாட்டில் பிள்ளையைப் பள்ளியில் விடும் தந்தை, "கண் இரண்டை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள்" என்று சொல்லிச் சென்ற காலத்தை நாம் அறிவோம். அந்தச் சொல்லையும் இந்தச் சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றுகிறது.

அவ்வாறு வளர்ந்த அந்த மகன்தான், பிற்காலத்தில் 'ஆதாபுல் முஅல்லிமீன்' என்னும் நூலை யாத்தார். ஆசிரியர்கள் பேண வேண்டிய ஒழுக்கங்கள் என்பது அதன் பொருள். ஹிஜ்ரி 256இல், கி.பி. 870இல், அவர் காலமானார். ஆசிரியப் பணியையே பொருளாகக் கொண்டு இஸ்லாமிய உலகில் எழுந்து நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய நூல்களுள் ஒன்று இது. அதன் பெரும்பகுதி, மகன் வினவத் தந்தை விடையளித்த செய்திகளால் ஆனது.

கேள்வியும் விடையும்

அந்நூலில் ஒரு வினா வருகிறது. சிறுவர்கள் ஒருவர்மேல் ஒருவர், இவன் என்னைத் துன்புறுத்தினான் என்று முறையிட்டால், ஆசிரியர் அவர்களுடைய சொல்லை ஏற்றுக்கொள்ளலாமா என்பது அவ்வினா. சஹ்னூன் இமாமின் விடையைச் சுருக்கி நம் சொற்களில் தருகிறோம். இது நீதிமன்றத் தீர்ப்பைச் சேர்ந்த காரியமன்று என்று அவர் முதலிலேயே தெளிவாக்குகிறார். பிள்ளைகள் ஒருவரையொருவர் துன்புறுத்தினால் அவர்களைத் திருத்துவது ஆசிரியரின் கடமை. துன்புறுத்திய செய்தி பிள்ளைகள் பலரிடையே பரவலாகத் தெரிந்திருந்தாலோ, செய்தவனே ஒப்புக்கொண்டாலோ ஆசிரியர் நடவடிக்கை எடுக்கலாம். உண்மை பேசுவோர் என்று ஆசிரியர் அறிந்துவைத்துள்ள பிள்ளைகள் சொன்னாலும் அதை ஏற்றுக்கொள்ளலாம். எனினும் தண்டனையில் வரம்பு மீறலாகாது. துன்புறுத்துவதை நிறுத்துமாறு கட்டளையிட வேண்டும். ஒருவரிடமிருந்து ஒருவர் எடுத்துக்கொண்ட பொருளைத் திருப்பிக் கொடுக்கச் செய்யவும் வேண்டும்.

இவ்விடையின் நுட்பத்தைச் சற்று ஆழ்ந்து நோக்குவோம். சொன்னவர் ஒரு காழி. நீதிமன்றத்தில் நேர்மையில் ஐயமற்ற, வயது வந்த சாட்சிகள் இல்லாமல் எவரையும் தண்டிக்க ஒப்பாதவர். அத்தகையவரே, பள்ளிக்கூடத்தில் அந்த அளவுகோலைப் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள் என்கிறார். ஏன்? பிள்ளைகளிடையே நிகழும் கொடுமை, வயது வந்தோர் எவரும் பார்க்காத இடத்தில்தான் நிகழும். அதற்கு வெளிச் சாட்சி கேட்டால் எக்காலத்திலும் கிடைக்காது. "சாட்சி இருக்கிறதா?" என்று ஆசிரியர் கேட்டுவிட்டால் முறையீடு அங்கேயே செத்துப்போகும், அடித்தவனுக்குத் துணிவு இரட்டிக்கும். அதே நேரத்தில், ஒரு பிள்ளையின் ஒற்றைச் சொல்லைக் கேட்டுவிட்டு உடனே பிரம்பைத் தூக்குவதையும் இமாம் அனுமதிக்கவில்லை. பலரையும் விசாரி, எந்தப் பிள்ளை உண்மை பேசும் என்பதை முன்கூட்டியே அறிந்துவை என்கிறார். தன் மாணவர்களை ஒவ்வொருவராக அறிந்திராத ஆசிரியரால் இவ்விதியைச் செயற்படுத்தவே இயலாது.

சிறுவர் சொல்லுக்கு மதிப்பளிக்கும் இந்நோக்கு மாலிக்கி மரபில் வேரூன்றியது. சிறுவர்கள் தமக்குள் ஏற்படுத்திக்கொண்ட காயங்கள் குறித்துச் சிறுவரின் சாட்சியத்தை அப்துல்லாஹ் இப்னு சுபைர் (ரலி) ஏற்றுத் தீர்ப்பளித்ததாக இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் 'முவத்தா'வில் காண்கிறோம். அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. அவர்கள் கலைந்து செல்வதற்கு முன்பே, பெரியவர்கள் எவரும் சொல்லிக்கொடுப்பதற்கு முன்பே சாட்சியத்தைக் கேட்டுவிட வேண்டும். தாமதமின்றி விசாரிக்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான வழிகாட்டல் வேறென்ன வேண்டும்?

விடையின் இறுதிப் பகுதியும் கருதத் தக்கது. தண்டித்தவுடன் ஆசிரியரின் கடமை முடிந்துவிடுவதில்லை. பறித்ததைத் திருப்பித் தரச்செய்ய வேண்டும். துன்புற்றவனுக்கு இழந்தது மீண்டும் கிடைத்தால்தான் நீதி நிறைவுறும். நம் பள்ளிகளில் அடித்தவன் இரண்டு அடி வாங்குகிறான். அடிபட்டவனோ இழந்த பேனாவையும் பெறுவதில்லை, இழந்த மானத்தையும் பெறுவதில்லை.

ஆசிரியர் அகலாதிருத்தல்

கொடுமை நிகழ்ந்த பின் செய்வதைக் கூறியதோடு அந்நூல் நின்றுவிடவில்லை. நிகழாமற் காக்கும் வழிகளும் அதில் உள்ளன. ஆசிரியர் பிள்ளைகளை விட்டு அகலலாகாது என்பதில் சஹ்னூன் இமாம் மிகக் கண்டிப்பானவர். ஜனாஸாத் தொழுகையும் நோயாளியை நலம் விசாரிப்பதும் எத்துணை நன்மைக்குரியவை! ஆயினும் கூலிக்கு அமர்த்தப்பட்ட ஆசிரியர், தவிர்க்க இயலாத நிலையிலன்றி, அவற்றுக்காகக்கூடப் பிள்ளைகளை விட்டுச் செல்லக் கூடாது என்றார். பிள்ளைகள்மீது வைத்த கண் அகலும் நேரத்தில் என்ன நேரும் என்பதை அவர் அறிந்திருந்தார் போலும்.

செல்வர் பிள்ளையையும் ஏழைப் பிள்ளையையும் சமமாக நடத்த வேண்டும் என்பது இன்னொரு விதி. தம் பொறுப்பில் வந்த பிள்ளைகளுக்கு ஏழை, செல்வர் என்ற வேறுபாடின்றிக் கற்பிக்காத ஆசிரியர் மறுமையில் மோசடிக்காரருடன் எழுப்பப்படுவார் என்ற கருத்துடைய ஓர் அறிவிப்பையும் இப்னு சஹ்னூன் எடுத்துக்காட்டுகிறார். இதற்கும் நம் பொருளுக்கும் என்ன தொடர்பு எனலாம். ஆசிரியர் யாரை இகழ்கிறாரோ அவனை மாணவர் இகழ்வர். ஆசிரியரின் ஏளனச் சிரிப்பு ஒன்றே, வகுப்பிலுள்ள முரடனுக்கு அளிக்கப்படும் அனுமதிச் சீட்டாகிவிடும்.

சட்டாம்பிள்ளையின் பிரம்பு

இப்னு சஹ்னூனுக்கு ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின், அதே கைரவானில் வாழ்ந்தவர் இமாம் அல் காபிஸீ (ரஹ்). ஹிஜ்ரி 403இல், கி.பி. 1012இல், மறைந்தவர். கண்பார்வை இழந்தவர், ஆயினும் பள்ளிக்கூடத்தின் மூலைமுடுக்குகளையெல்லாம் அகக்கண்ணால் கண்டவர். ஆசிரியர், மாணவர் நிலைகள் பற்றி அவர் எழுதிய விரிவான நூலில், தண்டனை அளிக்கும் பொறுப்பை மாணவன் ஒருவனிடம் ஒப்படைக்கலாகாது என்று எச்சரிக்கிறார். சிறுவர்களுக்குள் கட்சி உணர்ச்சியும் பூசலும் இருப்பது இயல்பு. பிரம்பு கையில் கிடைத்தவன் பழைய பகையைத் தீர்த்துக்கொள்வான் என்பது அவர் காட்டும் காரணம்.

இதைப் படிக்கும்போது நம் நாட்டுத் திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சட்டாம்பிள்ளை நம் கண்முன் நிற்கிறான். உபாத்தியாயர் இல்லாதபோது அவனே உபாத்தியாயர். மூத்த மாணவர் இளையவரை நடத்தும் முறையைச் சென்னை எழும்பூரில் 1789இல் தோன்றிய ஆதரவற்ற சிறுவர் இல்லத்தில் கையாண்ட ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், 1797இல் அதுபற்றி இலண்டனில் நூல் வெளியிட்டார். அது 'சென்னை முறை' என்னும் பெயரிலேயே இங்கிலாந்தில் பரவியது. ஒரு பிள்ளை மற்றொரு பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பதில் தவறில்லை, அது நன்மையே. ஆனால் பாடத்தோடு பிரம்பும் கைமாறும்போதுதான் தீங்கு புகுகிறது. இன்றும் ஓதும் பள்ளியிலும் விடுதியிலும் மூத்த மாணவர்களிடம் பொறுப்பை விட்டுவிட்டு ஓய்வெடுக்கச் செல்லும் பெரியவர்கள் அல் காபிஸீயின் எச்சரிக்கையை எண்ணிப் பார்ப்பார்களாக.

முளையிலே கிள்ளுதல்

கொடுமை செய்யும் பிள்ளை எங்கிருந்து தோன்றுகிறான்? இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் (கி.பி. 1058 - 1111) 'இஹ்யா'வில் பிள்ளை வளர்ப்பைப் பேசும் பகுதியில் இதற்கு விடை கிடைக்கிறது. தந்தையின் செல்வத்தையும், தான் உண்பதையும் உடுப்பதையும், தன் எழுதுபலகையையும் மைக்கூட்டையும் காட்டித் தோழரிடம் பெருமையடிக்கப் பிள்ளையை விடலாகாது என்கிறார் அவர். பிறரிடமிருந்து வாங்குவதில் பெருமையில்லை, கொடுப்பதில்தான் பெருமை என்று பழக்க வேண்டும் என்கிறார். பெருமையடிப்பதில் தொடங்குவதுதான் இகழ்ச்சியில் வளர்ந்து பறிப்பதில் முடிகிறது. எழுதுபலகையும் மைக்கூடும் போய்க் கைப்பேசியும் விலையுயர்ந்த காலணியும் வந்திருக்கின்றன, நோய் மாறவில்லை.

பிள்ளை தவறு செய்தால் முதன்முறை கண்டும் காணாதது போல் விட்டுவிடலாம். மீண்டும் செய்தால் தனியே அழைத்துக் கண்டிக்க வேண்டும். ஓயாமல் ஏசிக்கொண்டிருந்தால் ஏச்சு கேட்பது பிள்ளைக்குப் பழகிப்போகும் என்றும் இமாமவர்கள் எழுதுகிறார்கள். பலர் முன்னிலையில் அவமானப்படுத்தப்பட்ட பிள்ளை திருந்துவதில்லை. அந்த அவமானத்தை இறக்கிவைக்க இளைத்தவன் ஒருவனைத் தேடுகிறது.

தூனிஸில் 1332இல் பிறந்த இப்னு கல்தூன் (ரஹ்) இதற்கும் ஒரு படி மேலே சென்றார். 1377இல் எழுதிய 'முகத்திமா'வில், மாணவர்மீது கடுமை காட்டுவது அவர்களுக்குக் கேடு என்பதற்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கினார். அடக்குமுறையில் வளரும் பிள்ளையின் உள்ளம் சுருங்குகிறது, ஊக்கம் குன்றுகிறது, அடிக்கு அஞ்சிப் பொய்யும் வஞ்சகமும் பழகுகிறது, நாளடைவில் அதுவே குணமாகிவிடுகிறது என்பது அவர் கண்ட உண்மை. தன் மானத்தையும் தன் வீட்டையும் காக்கும் ஆற்றலையே அத்தகையவன் இழந்துவிடுவான் என்றும், அடக்கி ஆளப்பட்ட சமுதாயங்களுக்கும் இதே கதிதான் என்றும் அவர் கூறுகிறார். ஆசிரியரின் கடுமையைப் பற்றி அவர் சொன்னது, தோழரின் கொடுமைக்கும் பொருந்தாமற் போகுமா? நம் சிறுவன் "கீழே விழுந்துவிட்டேன்" என்று சொன்ன பொய்யின் பிறப்பிடம் இதுவே.

நார்வே நாட்டின் படிப்பினை

இப்பொருளை இக்கால முறையில் ஆராய முற்பட்டவர்களுள் முன்னோடி, சுவீடனில் பிறந்து நார்வேயில் பணியாற்றிய டான் ஓல்வியஸ் (1931 - 2020). 1982ஆம் ஆண்டின் இறுதியில் நார்வே நாட்டின் வடபகுதியில், பத்து முதல் பதினான்கு வயதுக்குட்பட்ட சிறுவர் மூவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டனர். தோழர்கள் இழைத்த கொடுமையே காரணமாயிருக்கலாம் என்று தெரிந்தபோது அந்நாடே அதிர்ந்தது. 1983இல் அரசு நாடு தழுவிய இயக்கம் ஒன்றைத் தொடங்கியது. பெர்கன் நகரின் 42 பள்ளிகளில் ஏறத்தாழ 2,500 மாணவரிடையே ஓல்வியஸ் நடத்திய ஆய்வில், இவ்வியக்கத்தால் கொடுமை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது தெரியவந்தது.

அவர்கள் கையாண்ட மருந்து என்ன? இடைவேளையில் ஆசிரியர்கள் மைதானத்தில் நிற்க வேண்டும். கொடுமை செய்யலாகாது, கொடுமைக்கு ஆளானவனுக்கு உதவ வேண்டும் என்னும் விதிகள் வகுப்பில் வெளிப்படையாக இருக்க வேண்டும். செய்தவனிடமும் பட்டவனிடமும் இருவர் பெற்றோரிடமும் ஆசிரியர் தனித்தனியே பேச வேண்டும். பெரியவர்களே பொறுப்பேற்க வேண்டும் என்பதுதான் இவற்றின் சாரம். இதை நாங்கள் அன்றே சொல்லிவிட்டோம் என்று மார்தட்டிக்கொள்வதற்காக இதனை எழுதவில்லை. அவர்கள் மூன்று பிள்ளைகளை இழந்து விழித்துக்கொண்டார்கள். நாமோ, நூல் கையில் இருந்தும் படிக்காமல் இருந்துவிட்டோம்.

நம் வீட்டு வாசலில்

அக்கால இமாம்கள் அளவோடு கூடிய அடியை அனுமதித்தார்கள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவர்கள் இட்ட வேலிகளைப் பாருங்கள். மூன்று அடிக்கு மேல் தந்தையின் அனுமதியின்றிச் செல்லலாகாது, முகத்திலும் தலையிலும் படலாகாது, கோபத்தோடு அடிக்கலாகாது. அடி சர்வசாதாரணமாயிருந்த காலத்தில் அதைக் குறுக்கிக்கொண்டே வந்தவர்கள் அவர்கள். தம் சொந்த மகனுக்கு அதுவும் வேண்டாம் என்றார் சஹ்னூன் இமாம். இந்தியாவில் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், உடலை வருத்தும் தண்டனையையும் மனத்தை வருத்தும் தொல்லையையும் பள்ளிகளில் தடை செய்தது. 2012இல் செய்யப்பட்ட திருத்தம், மதரஸாக்களையும் வேத பாடசாலைகளையும் அச்சட்டத்தின் எல்லையிலிருந்து விலக்கியது. அதனால் ஓதும் பள்ளியில் பிரம்புக்கு உரிமை வந்துவிட்டது என்று எவரும் கருதலாகாது. வெளியிலிருந்து கேட்பார் குறையும்போது அல்லாஹ்வின் முன்னால் நாம் சொல்ல வேண்டிய கணக்கு கூடுகிறது.

முறையிட்ட பிள்ளையைப் பாதுகாப்பது எவ்வளவு இன்றியமையாதது என்பதை 2023 ஆகஸ்டில் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் நிகழ்ந்த கொடுமை தமிழகத்துக்கு உணர்த்தியது. உடன் பயிலும் மாணவர்கள் சாதியின் பெயரால் தரும் தொல்லை குறித்து முறையிட்ட பட்டியலின மாணவன் ஒருவன், இரவில் வீடு புகுந்து வெட்டப்பட்டான். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டாள். இதன்பின் தமிழக அரசு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு அவர்களைக் கொண்டு ஒருநபர் குழுவை அமைத்தது. அக்குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. முறையீட்டைக் காதால் கேட்டுக்கொண்டால் மட்டும் போதாது. முறையிட்டவனுக்கும் முறையிடப்பட்டவனுக்கும் நடுவே ஒரு பெரியவர் போய் நிற்க வேண்டும்.

நம் பிள்ளைகள் தம் மார்க்கத்தின் பெயரைச் சொல்லிக் கேலி செய்யப்படும்போது நாம் கொதிக்கிறோம், கொதிப்பது நியாயமே. ஆனால் நம் பிள்ளை கறுத்த பிள்ளையை, திக்கிப் பேசும் பிள்ளையை, ஏழை வீட்டுப் பிள்ளையைப் பட்டப்பெயரிட்டு அழைத்தான் என்று கேள்விப்பட்டால் சிரித்துவிட்டு விடுகிறோமே, அது நியாயமா? ஒருவரையொருவர் பரிகசிப்பதையும், குத்திப் பேசுவதையும், இழிவான பெயர்களால் அழைப்பதையும் அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 11ஆம் வசனம் தடுக்கிறது. அங்கே சிறுவர் விளையாட்டுக்கு விலக்கு எதுவும் கூறப்படவில்லை. அநீதி இழைக்கப்பட்ட சகோதரனுக்கு மட்டுமன்றி அநீதி இழைக்கும் சகோதரனுக்கும் உதவுங்கள் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியபோது, அநீதி இழைப்பவனுக்கு எவ்வாறு உதவுவது என்று தோழர்கள் வியந்து கேட்டார்கள். அவனை அநீதியிலிருந்து தடுப்பதே அவனுக்குச் செய்யும் உதவி என்று அண்ணலார் விளக்கினார்கள். ஆகவே, ஆசிரியர் நம் மகனைப் பற்றி முறையிட்டு ஆளனுப்பினால், பகைவர் வந்ததாக எண்ணிப் பாய வேண்டாம். நம் மகனுக்கு உதவி செய்ய ஒருவர் வந்திருக்கிறார் என்றே கொள்ள வேண்டும்.

இன்று மாலையும் ஏதோ ஒரு வீட்டில் ஒரு சிறுவனோ சிறுமியோ பையை மூலையில் வைத்துவிட்டு மௌனமாக உட்காரக்கூடும். அப்போது "பிள்ளைகள் சண்டைதானே" என்று சொல்லாமலும், "திருப்பி அடி" என்று ஏவாமலும் அருகில் அமர்ந்து முழுதும் கேட்போம். அந்த வாரமே பள்ளிக்குச் சென்று ஆசிரியரைக் காண்போம். ஓதும் பள்ளியாயின் உஸ்தாதையும் நிர்வாகிகளையும் காண்போம். சஹ்னூன் இமாம் நான்கு காரியங்களைத்தான் வேண்டினார்: கேளுங்கள், விசாரியுங்கள், வரம்பு மீறாமல் தடுங்கள், பறிபோனதைத் திருப்பிக் கொடுக்கச் செய்யுங்கள். கைரவானில் பலகை ஏந்தி அமர்ந்திருந்த சிறுவர்களுக்குக் கிடைத்த அந்தப் பாதுகாப்பு நம் பிள்ளைகளுக்கும் கிடைக்க நாம் பொறுப்பேற்போமாக. அதற்கான மனத்துணிவை வல்ல அல்லாஹ் நமக்கு அருள்வானாக!